கடைவீட்டுக் கலயம்

அக்டோபர் 9, சனி

மேகமூட்டம். மழை வருவது போல ஒரு பாவனை, பிறகு பாபநாசம் மலைப்பக்கம் திரும்பிப் போய்விட்டது. இந்த ஊரில் மேகம்கூடத் தங்க மாட்டேன் என்கிறது. தங்கியிருப்பது அம்மாவும் நானும்.

பாளையங்கோட்டைப் போர்டிங்கில் லீவு விட்டபோது, கணக்குப் பாடம் தொலைந்தது என்று குதித்துக்கொண்டு வந்தேன். வந்து பெட்டியைத் திறப்பதற்குள் ஊரில் வாந்திபேதி. இப்போது போர்டிங்கிலிருந்து சொல்லியனுப்பிவிட்டார்கள், நோய் உள்ள ஊர்ப் பெண்கள் மறு தகவல் வரும்வரை வர வேண்டாமாம். கணக்கே, உன்னை ஏசியதற்கெல்லாம் மன்னிப்பு.

இன்று செய்த வேலைகள்: கோயில் மணி அடித்தது. தண்ணீர் காய்ச்சியது. ஆறவைத்தது. மறுபடியும் காய்ச்சியது (பூனை வாய் வைத்தது). காணிக்கை அரிசி எடுத்தது. கஞ்சி. சாயங்கால மணி. இதில் ஒன்றுகூட என் வேலை இல்லை. அம்மா வேலையும் இல்லை. அவள் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு டீச்சர், அவ்வளவுதான். மணி, அரிசி, நோயாளி, அடக்கம் எல்லாம் உபதேசியார் பாடு. ஆனால் உ. (முழுசாக எழுதினால் மை வீண்) வீட்டம்மாளுக்குத் தலைவலி என்று களக்காட்டில் மாமனார் வீட்டில் விட்டுவரப் போனார். ‘நாளைக்கே வந்துருவேன்’ என்றார். எந்த நாளை என்று கேட்க மறந்துவிட்டோம். அதற்கு முந்தின ஞாயிறு அவர் பிரசங்கம் தைரியத்தைப் பற்றி.

அரிசி விஷயம். எங்கள் சபையில் எல்லா வீட்டிலும் உலை வைக்கும்முன் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று ஒரு கலயத்தில் போடுவார்கள். சனிக்கிழமை மொத்தமாக எடுத்து விற்றுக் கோயில் செலவு பார்ப்பது வழக்கம். அம்மா அதைத் தலைகீழாக்கிவிட்டாள். கலயத்தைத் தினமும் வாசலில் வைக்க வேண்டும். அந்த அரிசியில் பள்ளிக்கூடத்தில் கஞ்சி காய்ச்சி நோய் கண்ட வீடுகளுக்குக் கொடுக்க வேண்டும். கலயம் எடுக்கப் போகிற எனக்குத் தனிக் கட்டளை: “அரிசி கெடந்தா அந்த வீட்டுல அடுப்பு எரிஞ்சிருக்குன்னு அர்த்தம். தாண்டிப் போ. காலியா இருந்தா நில்லு. உள்ள போகாத. எங்கிட்ட ஓடியா.”

ஏனென்றால் நோய் வந்தால் யாரும் வாயைத் திறப்பதில்லை. தெரிந்தால் கிணற்றடியில் சேர்க்க மாட்டார்கள், பாயைக் கொளுத்துவார்கள். கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பாட்டு: “லேசா வயித்து வலி.” கலயத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது அம்மாவின் நம்பிக்கை.

மூலைக்கடை வேதமாணிக்கம் அண்ணாச்சி வீட்டுக் கலயம் தனி ரகம். மூட்டை மூட்டையாக அரிசி விற்கிறவர். அவர் கைப்பிடி என்பது மூன்று விரல். அதிலும் ஒன்று வேடிக்கை பார்க்க வந்த விரல்.

அக்டோபர் 10, ஞாயிறு

வெயில். கோயிலில் பாதிப் பாய் காலி.

உ. அவசரத்தில் விட்டுப்போன தலைப்பாகையையும் குடையையும் அவர் நாற்காலியில் வைத்து, மேலே அங்கியை மாட்டிவிட்டேன். பிந்தி வந்த இரண்டு பேர் அதற்குக் குனிந்து ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். அம்மா பார்த்துவிட்டாள். தண்டனை: கோயில் முழுக்கப் பெருக்குவது. பெருக்குகிறதும் உ. வேலைதான், எழுதி வைக்கிறேன்.

கடைசி ஜெபத்தில் அம்மா, “உம்முடைய கிருபை எங்களைவிட்டு விலகாதிருப்பதாக” என்றாள். சிறு வயதில் இந்த இடத்தில் ‘இங்கதான இருக்கேன்’ என்று சத்தமாகச் சொல்லி அடி வாங்கியிருக்கிறேன். எனக்கு இந்தப் பேர் வைத்தது யார் குற்றம்? இன்று வாய் வரை வந்தது. அம்மா முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

திரும்பும்போது மூலைக்கடைக் கொல்லைப்புறத் தகரத்தில் ஒரு கல். இது எனக்கும் அண்ணாச்சி பெண்சாதி தாயம்மா அத்தைக்கும் நடுவில் பல வருஷ வழக்கம். நான் எறிவேன், அவள் வெளியே வந்து ஏசுவாள், தெரு சிரிக்கும். இன்றும் வந்தாள், முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“ஏட்டி மூதி, நீ பே—”

நின்றுவிட்டாள். ‘பேதியில போவா’ என்பது அவள் வசவு. அவளது மட்டுமல்ல, இந்தத் தெருவில் என்னை அப்படித் திட்டாத வாய் கிடையாது. இப்போது ஒருவரும் அந்த வார்த்தையைத் தொடுவதில்லை. அத்தை வாயை அசைத்து அசைத்து வேறு எதையோ தேடினாள். கடைசியில், “நீ நல்லா இரு, போ” என்றாள். ஏசினால்கூட இவ்வளவு பயமாக இராது.

அக்டோபர் 11, திங்கள்

தாலுகாவிலிருந்து ஆள் வந்து கிணறுகளில் கிருமி கொல்லும் கருஞ்சிவப்புத் தூள் போட்டார். தண்ணீர் ஊதாவாயிற்று. “ரத்தத்தக் கலக்குதாம்லே” என்று ஒருவர் சொல்ல, பாதி ஊர் குடத்தோடு ஆற்றுக்குப் போய்விட்டது. ஆற்றில்தான் எல்லாத் துணியும் அலசுகிறார்கள். அம்மா கிணற்றடியில் நின்று எல்லார் முன்னாலும் அந்த ஊதாத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துக் காட்டினாள். அப்படியும் ஆற்றுக்குத்தான் போகிறார்கள். எனக்கு வந்த எரிச்சலில் குடங்களையெல்லாம் உருட்டிவிடலாம் போல இருந்தது.

மத்தியானம் கேட்டுவிட்டேன்.

“அம்மா, நாம மாமா வீட்டுக்குப் போயிருவமா?”

“போலாமே. கஞ்சிய யாரு கொண்டு போவா?”

“உபதேசியார்.”

சிரித்துவிட்டாள். பிறகு சிரித்ததற்காக முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

“ஒனக்குப் பயமே கெடையாதா?”

“கெடக்கு, வண்டி வண்டியா. அந்த வெறகத் தள்ளு.”

இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது?

செய்தேன் ஒன்று. கருப்பட்டி வண்டி இசக்கி பாளையங்கோட்டைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். ஓடிப்போய், “கச்சேரி ஆபீசுல வேல பாக்குத எங்க மாமாகிட்ட அம்மா சொல்லச் சொன்னா. சனிக்கிழமை வண்டி கொண்டாரணுமாம், நாங்க வந்திருதோமாம்” என்றேன்.

“டீச்சரம்மாவா சொன்னாவ?”

“பின்ன நானா?”

சனிக்கிழமை. நினைத்தாலே வயிறு லேசாகிறது. (இந்த நாளில் எழுதக்கூடாத வாக்கியம். அடிக்கவில்லை.)

அக்டோபர் 12, செவ்வாய்

செல்லம்மா.

அக்டோபர் 13, புதன்

நேற்று எழுத முடியவில்லை.

இரண்டாம் வகுப்பு. எச்சில் தொட்டுப் பலகை துடைத்து அம்மாவிடம் தினமும் குட்டு வாங்குவாள். உ. குடைக்குள் தவளை விட்ட காரியத்தில் என் கூட்டாளி. தவளையைப் பிடித்தது அவள்தான், பேர் எனக்கு.

அடக்கத்துக்கு ஆண்கள் வரவில்லை. அவள் அப்பாவும் சித்தப்பாவும் மட்டும். டீச்சர் அடக்கம் செய்யலாமா என்று விதி உண்டோ என்னவோ. அம்மா யாரையும் கேட்கவில்லை. கோயில் ஜெபப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் நின்று படித்தாள், குரல் உடையவில்லை. திரும்பும்போது வாய்க்காலில் இறங்கி முகம் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். செல்லம்மா பலகை பள்ளிக்கூட அலமாரியில் இருக்கிறது. அதில் பாதிக் கணக்கு.

எனக்கு ஆண்டவரோடு பேச்சு இல்லை. சாயங்கால ஜெபத்துக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பெரிய ஏச்சு கிடைக்கும் என்று காத்திருந்தேன்.

“பேசாட்டா போ. பக்கத்துல முழங்கால் போடு. எனக்கு முட்டி வலிக்கு, எந்திரிக்க ஒரு ஆள் வேணும்.”

போட்டேன். பேசவில்லை. கை மட்டும் கொடுத்தேன்.

அக்டோபர் 14, வியாழன்

மேகம். ஒன்றுமில்லை. கஞ்சி, தண்ணீர், கஞ்சி. கை முழுக்கக் கரி. அம்மா கிளறிக்கொண்டே பாடுகிறாள், ராகம் ஒரு தெருவில், அவள் ஒரு தெருவில். இன்னும் ஒரு நாள் தள்ளினால் சனி.

அக்டோபர் 15, வெள்ளி

இன்றைய அதிசயம். மூலைக்கடைக் கலயம் விளிம்பு வரை. மேலே குவியல் வேறு. சபை தோன்றிய நாள் முதல் அண்ணாச்சி கொடுத்த அரிசியெல்லாம் சேர்த்தாலும் இத்தனை வராது.

அம்மாவிடம் ஓடிவந்து, “அண்ணாச்சி மனந்திரும்பிட்டார்” என்றேன். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்தியா, நோய் வந்தாலும் சில நெஞ்சு தெறக்குது” என்றாள். இன்றைக்குக் கஞ்சி கெட்டியாக இருந்தது. எல்லார் வீட்டிலும் சொன்னேன், இது அண்ணாச்சி உபயம் என்று. ஒருவரும் நம்பவில்லை.

கட்டளைப்படி தாண்டிப் போனேன். அரிசி இருந்தால் தாண்டிப் போக வேண்டியதுதானே.

அக்டோபர் 16, சனி

அடுப்பு வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணினால் படிக்கிறவர் பொறுத்துக்கொள்ளவும் (படிக்கிறவர் நான்தான்).

காலையில் மூலைக்கடைக் கலயம் மறுபடியும் விளிம்பு வரை. சந்தோஷமாகக் கையை விட்டேன். விட்ட கை நின்றுவிட்டது. ஒரு நாள் நெஞ்சு திறக்கும். இரண்டாம் நாளும் திறந்திருந்தால் அது நெஞ்சு இல்லை, வேறு ஏதோ. ஏமாற்று எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? புதிதாகப் பொய் சொல்கிறவர்கள்தான் அளவுக்கு மீறிக் கொட்டுவார்கள்.

கொல்லைப்புறம் போனேன். தகரத்தில் ஒரு கல். சத்தமில்லை. கொஞ்சம் பெரிய கல். சத்தமில்லை. கூரையே இடிகிற மாதிரி ஒன்று. கதவு ஒருக்களித்துத் திறந்தது. அத்தை இல்லை, அண்ணாச்சி. சாம்பிராணிப் புகை மூக்கில் ஏறியது.

“ஏட்டி, பைய. பேசாமப் போ.”

அண்ணாச்சி மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

“அத்தை எங்க?”

“தூங்குதா.”

“பகல்லயா?”

“ஏன், பகல்ல தூங்குனா பாவமா?”

“அத்தைக்குப் பாவம்தான். நீங்க தூங்குனாலே எழுப்பி விடுவாவளே.”

என்னைப் பார்த்தார். பிறகு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

“யார்கிட்டயும் சொல்லிராத மக்கா. கடையில ஒருத்தன் ஏற மாட்டான்.”

“எப்ப இருந்து?”

“நேத்துக் காலம்பற இருந்து. கலயம் காலியா இருந்தா டீச்சரம்மா உள்ள வந்துருவாவ, பொறவு ஊருக்கே தெரிஞ்சிரும். அதான் கொட்டி வச்சேன்.”

“எப்பவும் போல மூணு விரல் வச்சிருக்கலாமே அண்ணாச்சி. நான் தாண்டிப் போயிருப்பேன்.”

இதைச் சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது. நேற்றுத் தாண்டித்தான் போனேன். அங்கிருந்து பள்ளிக்கூடம் வரை எப்படி ஓடினேன் என்று தெரியாது. அம்மா அகப்பையைக் கையில் வைத்தபடியே வந்தாள். அண்ணாச்சி வாசலை மறித்தார்.

“டீச்சரம்மா, நீங்க ஒத்தப் பொம்பள. ஒங்களுக்கும் ஒரு பிள்ள இருக்கு.”

“ஆமா அண்ணாச்சி. தள்ளுங்க.”

தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என்னை வாசலோடு நிறுத்திவிட்டாள். இடுக்கில் பார்த்தேன். அத்தை கண் உள்ளே போய், கன்னம் ஒட்டி, கால் இழுத்துக்கொண்டு. தெருவையே ஏசுகிற வாய் காய்ந்து வெடித்திருந்தது.

மத்தியானம் மாமா வண்டி.

சனிக்கிழமை என்பதையே மறந்திருந்தேன். ஊர் எல்லையில் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, மூக்கில் கைக்குட்டையோடு நின்றார். அம்மா சாம்பலில் கை தேய்த்துக்கொண்டே வந்தாள்.

“ஏறு ஞானம். வண்டி கேட்டேல்லா?”

“நா எப்பண்ணே கேட்டேன்?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் மாட்டைப் பார்த்தேன். நல்ல மாடு.

“சரி, யாரு கேட்டா என்ன, வந்தாச்சு. தொழுவத்தக் கழுவிப் போட்டிருக்கேன். கொஞ்ச நாள் அங்கன இருங்க, பொறவு வீட்டுக்குள்ள வரலாம்.”

“தாயம்மாளுக்கு வந்திருக்குண்ணே. இப்ப விட்டுட்டு வர முடியாது.”

“அந்தக் கடைக்காரியா? அவ ஒனக்கு என்ன ஒறவு? இந்தப் பிள்ளய வாயில வந்தபடி ஏசுறவ.”

“ஏசத்தான் செய்வா. அதுக்கு?”

“ஒனக்குக் கோட்டி பிடிச்சிருக்கு.”

“இருக்கட்டும். இவளக் கூட்டிட்டுப் போங்க.”

என் துணிகளை மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்தாள். பொய் சொன்னதற்கு ஒரு வார்த்தை ஏசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நான் ஏறிவிட்டேன். ஆமாம், ஏறினேன். சந்தோஷமாகத்தான் ஏறினேன், இங்கே பொய் எழுதி என்ன பயன்? அம்மா திரும்பிப் பார்க்காமல் தெருவுக்குள் போனாள். வண்டி வாய்க்கால் பாலம் வரை போயிற்று.

“மாமா, அடுப்புல தண்ணி வச்சிருக்கேன்.”

“அதுக்கு?”

“அம்மாவுக்கு இப்ப ஒண்ணும் நெனைப்பு இருக்காது. கொதிக்கிறதுக்கு முந்தியே மோந்து குடிச்சிருவா.”

“ஏட்டி, இரி. ஏட்டி!”

இறங்கி நடந்துவிட்டேன். மாமா பாலத்தில் நின்று எங்கள் குடும்பத்தையே மொத்தமாக ஏசியது காதில் விழுந்தது. மூட்டை வண்டியிலேயே போய்விட்டது. என் நல்ல தாவணி அதில்தான்.

தண்ணீர் அப்போதுதான் கொதி வந்திருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள்.

“வந்துட்டியா? கஞ்சித் தெளிவுல உப்புப் போடு.”

தலையில் கை வைத்தாள். சாம்பல் கை. தலை முழுக்கச் சாம்பல்.

அக்டோபர் 17, ஞாயிறு

தூறல். ஆராதனை இல்லை. கூட்டம் சேர வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். மணி மட்டும் அடி என்றாள். ஆள் வராத கோயிலுக்கு மணி எதற்கு என்றேன். “நாம இருக்கோம்னு தெரியட்டும்” என்றாள். அடித்தேன், கொஞ்சம் அதிகமாகவே. களக்காட்டில் உ. காதில் விழ வேண்டும் என்று.

அத்தைக்கு மாற்றமில்லை. இங்கிலீஷ் ராஜா முடிசூட்டு விழாவுக்குப் பள்ளிக்கூடத்துக்கு வந்த மிட்டாய்த் தகரம்தான் எங்கள் மருந்துப் பெட்டி. அதில் ஓமத்திரவம் குப்பியின் அடிக்கு வந்துவிட்டது. உப்புக் கஞ்சித் தெளிவை அம்மா கரண்டி கரண்டியாக ஊற்றுகிறாள். பாதி வெளியே வருகிறது. துடைத்துவிட்டு மறுபடியும். நான் வாசலில் நின்று பாத்திரம் மாற்றுகிறேன். கடையில் ஒருவரும் ஏறவில்லை, அண்ணாச்சி பயந்தபடியே. அவர் அதைக் கவனிக்கவில்லை. கஞ்சிக்கென்று மூட்டையைப் பிரித்து அளக்காமல் அள்ளிக் கொடுத்தார். அளக்காமல். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அளக்கிற அண்ணாச்சியே போதும்.

ஆண்டவரோடு பேச்சு மறுபடி ஆரம்பம். சமாதானம் ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். செல்லம்மா விஷயம் அப்படியே நிற்கிறது. இன்றைக்குச் சொன்னது இவ்வளவுதான்: அத்தையை விட்டுவிடும். அம்மாவைத் தொடாதிரும். ஆமென்.

அக்டோபர் 18, திங்கள்

நல்ல மழை. பள்ளிக்கூடக் கூரை ஒழுகி விறகு நனைந்துவிட்டது. ஊதி ஊதிக் கண் போயிற்று.

அம்மா சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கினாள். கூப்பிட்டேன், எழும்பவில்லை. உலுக்கினேன்.

“என்னட்டி?”

“வயித்து வலியா?”

“தூக்கம்டி, தூக்கம். மனுசி தூங்கக் கூடாதா?”

கோபமாகத்தான் சொன்னாள். அதைவிட இனிமையாக அவள் என்னிடம் பேசியதே இல்லை. அவளைப் பாயில் படுக்கச் சொல்லிவிட்டு, கஞ்சியை நானே கொண்டுபோய்க் கடை வாசலில் வைத்தேன். அத்தைக்கு வாந்தி நின்றிருக்கிறதாம். அண்ணாச்சி சொல்லவே பயப்படுகிறார், சொன்னால் திரும்ப வந்துவிடும் என்பது போல.

அக்டோபர் 19, செவ்வாய்

வெயில், ஈர வாசனை.

உ. ஆள் அனுப்பியிருக்கிறார். நோய் முழுக்க நின்றபின் வருவாராம். அதுவரை எங்களுக்காக ஊக்கமாக ஜெபிக்கிறாராம். குடையைப் பத்திரமாக வைக்கச் சொன்னாராம். அம்மா, “வைக்கேன்னு சொல்லு” என்றாள். அவ்வளவுதான். ஒரு ஏச்சு இல்லை, ஒரு முனகல் இல்லை. இந்த அம்மாவுக்காக நானே இரண்டு மடங்கு கோபப்பட வேண்டியிருக்கிறது, எவ்வளவு வேலை. குடை பத்திரம். உள்ளே நான் புதிதாகக் குடிவைத்த தவளையும் பத்திரம். செல்லம்மா பேரில்.

சாயங்கால மணி அடித்துவிட்டுக் கடைக் கொல்லைப்புறமாக வந்தேன். கை தானாகக் கல்லை எடுத்தது. சின்னக் கல்தான். பைய எறிந்தேன். தகரத்தில் பட்டு உருண்டு விழுந்தது. நின்றேன்.

உள்ளே ஏதோ அசைந்தது. பிறகு, காற்றுப் போன துருத்தி மாதிரி ஒரு குரல்:

“எவட்டி அவ... கல்ல எறியுதவ... பேதியில போவா...”

முழுசாக. ஒரு எழுத்து விடாமல்.

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே அம்மா சிரிக்கிற சத்தம். பிறகு அது சிரிப்பா என்று தெரியவில்லை.

அக்டோபர் 20, புதன்

தெளிவான வானம். மேலத்தெருவில் புதிதாக ஒரு வீடு, அம்மா அங்கே. தண்ணீர் காய்ச்சியாயிற்று.

கலயம் எடுக்கப் போனேன். மூலைக்கடை வாசலில்: மூன்று விரல் அரிசி.

தாண்டிப் போனேன்.